ஏழரை

என் பேஸ் கித்தாரின் முதுகில் ஒரு சின்னக் கதவு.
உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி,
தீப்பெட்டி அளவு.
ஒயரைச் செருகினால் விழித்துக்கொள்ளும்,
பிடுங்கினால்தான் உறங்கும்.
நான் வாசிக்கிறேனா, மீ கோரெங் தின்னப் போய்விட்டேனா,
அதற்குத் தெரியாது.
ஒயர் இருக்கிறதா? அது ஒன்றுதான் அதன் கேள்வி.

இது புரியாமல் முதல் வருடம்
பன்னிரண்டு பேட்டரி தீர்த்தேன்.
ஆ கியோங் கடையில் ஒன்று பதினான்கு வெள்ளி.
"வீட்டில் எத்தனை பொம்மைக் கார்?" என்று கேட்டான்.

எனக்கு வேலை செம்பனை ஆலை எடைமேடையில்.
லோரி ஏறும், எண் எழுதுவேன்.
குலையைக் கொட்டிவிட்டு வரும், மறுபடி எழுதுவேன்.
பழக்கதோஷம்,
பேட்டரிக்கும் ஒரு நோட்டு.
லுனாஸ் கல்யாணம், ஐந்து மணி நேரம், ஒன்பது புள்ளி ஒன்று.
பாலிங் பிறந்தநாள், மழை, எட்டு புள்ளி ஏழு.
கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சட்டம்:
ஏழரைக்கு இறங்கினால் மாற்று.
ஏழரை என்றால் என்னவென்று
நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்.

மீட்டர் கையில் இல்லாத இடத்தில் நாக்கு.
இரண்டு முனையையும் தொட்டால்
புதுசு சுள்ளென்று கடிக்கும்,
பழசு புளிக்கும், அவ்வளவுதான்.
மேடை ஓரம் நான் நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து
ஒரு குழந்தை அழுதுகொண்டே ஓடியிருக்கிறது.

அந்த வாரம் ஒத்திகை முடியும் நேரம்
ஆலையிலிருந்து போன்.
எடைமேடை மக்கர்.
செருகிய ஒயரைச் செருகியபடி
சோபா பின்னால் சாய்த்துவிட்டு ஓடினேன்.
ஒன்பது ராத்திரி
யாருக்கும் கேட்காமல் விழித்தே கிடந்தது அது.

கல்யாணத்தன்று காலை மீட்டர் வைத்தேன்.
ஏழு புள்ளி இரண்டு.
சீனப் பெருநாள் இரண்டாம் நாள்.
கோல கெட்டில் கடைத்தெரு முழுக்க
இழுத்து மூடிய இரும்புக் கதவும் சிவப்பு விளக்கும்.
பெட்ரோல் நிலையத்தில் இருந்ததெல்லாம்
சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஒல்லிப் பேட்டரி.

மூன்றாவது பாட்டில் ஆரம்பித்தது.
கீழ்க்கம்பியைத் தொட்டால்
தகரக் கூரையில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம்.
கீபோர்டு சேவியர் திரும்பிப் பார்த்தான்,
மறுபடி பார்த்தான்.
மூன்றாம் முறை பார்க்கவில்லை.
அதுதான் சுட்டது.

பாட்டு முடிந்து, அடுத்து வாழ்த்துரை.
பெண்ணின் பெரியப்பா ஆதிமூலம்,
ஆறு சங்கங்களுக்குத் தலைவர்,
பொன்னாடையோடு எழுந்து வருகிறார்.
மேசையில் அவருக்காக ஒயரில்லா மைக்.
அதன் அடியைத் திருகினால் என்ன இருக்கும் என்று
அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

நான்கு விநாடி.
எடைமேடையில்கூட நான் இப்படித் திருடியதில்லை.

அவர் வழக்கமாக நாற்பது நிமிடம்.
அன்று பதினொன்று.
"மணமக்கள் இருவரும் வாழ்க்கையில்..."
என்றதோடு மைக் போனது.
வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது.
வாழ்க்கையில் என்னவென்று யாரும் கேட்கவில்லை.
எங்கோ ஒரு கை பிரியாணி மூடியைத் திறந்தது,
அப்புறம் எல்லாக் கைகளும்.

நாங்கள் தொடங்கினோம்.
ஒன்பது புள்ளி மூன்று.
அடிச்சுருதி தரையில் இறங்கி
நாற்காலிக் கால் வழியாக ஏறி
பெரிய மாமிகளின் முழங்காலை ஆட்டியது.
சேவியர் சிரித்தான்.

பாத்திரம் கழுவுகிற நேரத்தில் ஆதிமூலம் வந்தார்.
"தங்கச்சி, உன் பெட்டி நல்லா முழங்குது.
என் மைக்குக்கு என்னம்மா ஆச்சு?"
பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் வரவில்லை.
"ஏழரை, ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறியது.
பக்கத்தில் நாற்காலி இழுத்து உட்கார்ந்தார்.
"போன மாசம்தான் தொடங்குச்சு" என்றார் மெதுவாக.
"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் குனிந்து
ஒயரைப் பிடுங்கினேன்.